புயலுக்குப் பின் அமைதி
(விருத்தாசலத்தில் நமது சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



'புயலுக்குப் பின் அமைதி' என்பது உலக வழக்கில் உள்ளதொரு மொழி. துன்பத்தில் ஆழ்ந்தவர்க்கு ஆறுதல் கூற வருவோர் பலரும் இதனை எளிதிற் சொல்லிவிட்டுச் செல்கின்றனர். காற்று ஓய்ந்தால் அமைதி தானே வரும். காத்திருத்தலேயன்றி நாம் செய்யத்தக்கது யாதொன்றுமில்லை என்பதே அதன் கருத்தாகக் கொள்ளப்பட்டு வருகிறது. இக்கருத்து எவ்வளவு தூரம் உண்மை? புயலுக்குப் பின் வரும் அமைதியும் ஆன்மாவுக்குரிய சாந்தியும் ஒன்றுதானா? ஒன்றன்றாயின் முன்னதைப் பின்னதாக ஆக்கும் வழி யாது? இவற்றை நமது ஊர், நமது தொழில், நமது குலத்துதித்த அடியாரின் சரித்திரம் ஆகிய மூன்றையும் துணையாகக் கொண்டு ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

நமது கடலூர் ஜில்லாவினர்க்குப் புயல் என்பது ஏட்டில் மட்டும் கண்ட பொருளன்று. 2011-ம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி விடியற்காலையில் 'தானே' என்னும் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிற்று. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய அக்காற்று சில நாழிகைக்குள் செய்த அழிவைச் சொல்லி முடியாது. முந்திரிக் காடுகள் வேரோடு சாய்ந்தன. பண்ணுருட்டிப் பக்கத்தில் பாட்டன் வைத்துப் பேரன் பலனுண்ட பலாமரங்கள் ஒரே காலையில் மண்ணைத் தழுவின. கூரைகள் பறந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஜில்லாவின் பல பாகங்களில் வாரக்கணக்காக மின்சாரம் இல்லை. அதன் பின்னும் 2015-ம் வருஷக் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி 'பெங்கல்' புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்து, அதைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருகி விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் ஊர்களில் நீர் புகுந்தது. ஆதலின், இன்று இச்சபையிலுள்ளோரில் புயலை அறியாதவர் ஒருவரும் இரார் என்று துணிந்து கூறலாம்.

தானே வீசி ஓய்ந்த பின் வந்த இரவுகளை நினைத்துப் பாருங்கள். மின்விசிறியின் ஓசையில்லை, பம்பு செட்டின் இரைச்சலில்லை, ஒலிபெருக்கியில்லை, தொலைக்காட்சியில்லை. தெருவெங்கும் இருள், அவ்விருளில் வீட்டுக்கு வீடு ஒவ்வோர் அகல் விளக்கு. பறவைகள் தங்கக் கிளையில்லாமையால் விடியற்காலையிலும் அவற்றின் குரல் எழவில்லை. அத்தகைய மௌனத்தை நம்மிற் பலர் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த மௌனத்தில் சிலர் என்றுமில்லாத தெளிவு பெற்றனர். "இனி எனக்கு ஒன்றும் பெரிதன்று" என்று கூறினர். வேறு சிலரோ அதே மௌனத்தில் உள்ளம் உடைந்தனர். மௌனம் ஒன்று, பயன் இரண்டு. இதிலிருந்தே மௌனம் வேறு, சாந்தி வேறு என்பது விளங்கும்.

அமைதியென்று தோன்றுவனவற்றுள் நாம் முதலில் விலக்க வேண்டியது புயலின் நடுவே தோன்றும் அமைதி. பெரும் புயல்களின் மையத்தில் 'கண்' என்று சொல்லப்படும் ஓரிடம் உண்டு. அது நேராக ஓர் ஊரின்மேல் வரும்போது காற்று திடீரென்று நிற்கும், மழை விடும், வானமும் சற்று வெளுக்கும். அறியாதார் புயல் முடிந்ததென்று வெளியே வருவர். சிறிது நேரத்தில் முன் வீசிய திசைக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து காற்று பாய்ந்து வரும். நமது பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்வன. ஆதலால் மையம் கடந்தவுடன் காற்று திசை மாறுதல் இயல்பு. முதற்காற்றில் ஒருபுறம் சாய்ந்து நின்ற மரங்களும் சுவர்களும் இரண்டாங்காற்றில் வீழ்ந்துவிடும். வாழ்விலும் இத்தகைய பொய்யமைதி உண்டு. குடும்பத்தில் ஒரு சச்சரவு எழுந்து இருவரும் வாய்மூடினவுடன், "தீர்ந்தது" என்று எண்ணுகிறோம். அது கண்ணேயன்றிக் கரையன்று. காரணம் தீராமல் சத்தம் மட்டும் நின்றால் அது சாந்தியாகாது.

இரண்டாவதாக விலக்கத்தக்கது மரத்துப்போன அமைதி. பெருநஷ்டம் அடைந்தவன் அழவும் மாட்டாமல், பேசவும் மாட்டாமல், சாய்ந்த மரத்தின்மேல் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பார்ப்பவர், "எவ்வளவு தைரியம்! ஞானிபோல் இருக்கிறான்" என்பர். அது ஞானமன்று. அடிபட்ட கை சிறிது நேரம் வலி தெரியாதிருப்பது போன்றது அது. அத்தகையோரை ஞானிகள் என்று விட்டுவிடாமல், அருகில் அமர்ந்து ஒரு வாய்க் கஞ்சி கொடுத்து, அவர் வாய் திறந்து அழும்வரை உடனிருத்தல் வேண்டும்.

நிற்க. மெய்யான சாந்தி எவ்வாறு பிறக்கிறதென்பதை நமது தொழிலே நமக்குக் கற்பிக்கிறது. விருத்தாசலம் பழமலைநாதர் எழுந்தருளியிருக்கும் விருத்தகாசி என்பதோடு, பீங்கான் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கே அரசாங்கத்தாரின் பீங்கான் தொழிற்பயிற்சியும் உண்டு, தொழிற்பேட்டையும் உண்டு. அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சாரத்துக்குரிய பியூஸ் கேரியர் முதலியன நம் மக்கள் கையால் உருவாகி வெளியூர்களுக்குச் செல்கின்றன. மண்பாண்டத் தொழிலும் பீங்கான் தொழிலும் மண், நீர், நெருப்பு, காற்று என்னும் பூதங்களோடு நித்தமும் பழகுவன. புயலும் அப்பூதங்களின் விளையாட்டேயாதலால், நமது தொழிலில் அதற்குரிய உபதேசம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

முதலாவது, மண் தெளியும் முறையைப் பாருங்கள். வெட்டிக் கொணர்ந்த மண்ணை நீரில் கரைத்துத் தொட்டியில் விடுகிறோம். கலக்கிய உடனே அது சேறு, ஒன்றும் தெரியாது. அசையாமல் விட்டால் முதலில் கல் அமிழ்கிறது. பிறகு மணல் அமிழ்கிறது. கடைசியிலேயே நுண்ணிய களி அமிழ்கிறது. எது மிக நுண்ணியதோ, எதற்கு மதிப்பு அதிகமோ, அதுவே கடைசியில் படிகிறது. அதற்குள் பொறுமையிழந்து ஒருவன் கோலை விட்டுத் துழாவினால் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புயலால் கலங்கிய மனமும் அவ்வாறே. முதலில் அமிழ்வது பயம். பின்னர் அமிழ்வது கோபம். "எனக்கு ஏன் இது வந்தது?" என்னும் நுண்ணிய கேள்வி கடைசியில்தான் அடங்கும். பயம் நீங்கிய அன்றே சாந்தி வந்துவிட்டதென்று எண்ணுபவன் மணல் படிந்தவுடன் தொட்டியை இறைப்பவனை ஒப்பான்.

இரண்டாவது, சூளை ஆறும் முறை. பீங்கான் சூளையில் வெப்பம் 1200 பாகைக்கு மேலும் ஏறுகிறது. தொழில் அறியாதார், நெருப்பை மூட்டி ஏற்றுவதே கஷ்டம், அணைத்தபின் வேலை முடிந்தது என்று நினைப்பர். அனுபவமுள்ள தொழிலாளியோ அணைத்த பின்னரே அதிக எச்சரிக்கையாக இருப்பார். மண்ணில் கலந்துள்ள குவார்ட்ஸ் என்னும் படிகக் கல் ஏறத்தாழ 573 பாகையில் தன் பருமனைத் திடீரென்று மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. சூளை இறங்கிவரும்போது அந்த எல்லையை மெல்லக் கடத்தல் வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்து குளிர்ந்த காற்றை விட்டால், முழு நெருப்பைத் தாங்கிய பாண்டம் அந்தச் சிறு காற்றில் விரிசல் விட்டுவிடும். சிலவற்றில் அவ்விரிசல் கண்ணுக்கும் தெரியாது. தட்டிப் பார்க்கும்போது ஓசை காட்டிக்கொடுக்கும். நெருப்பில் உடையாதது ஆறுகையில் உடைகிறது. சகோதரர்களே! புயலில் உடையாத குடும்பங்கள் புயலுக்குப் பின் உடைந்ததை நாம் பார்த்திருக்கிறோமல்லவா? அதன் காரணம் இதுவே.

மூன்றாவது, பச்சைப் பாண்டத்தின் கதி. மழையில் நனைந்தால் சுட்ட பாண்டம் கெடுவதில்லை. சுடாத பாண்டம் கரைந்துபோகிறது. ஒரு மாத உழைப்பு ஓரிரவில் சேறாவதைக் காணும் வயிற்றெரிச்சல் நம்மவர்க்கே தெரியும். ஆயினும் அந்தச் சேறு வீணன்று. அதனைத் திரட்டி, பிசைந்து, மீண்டும் சக்கரத்தில் ஏற்றலாம். சுட்டபின் உடைந்ததை அவ்வாறு வனைய முடியாது. புயல் நம் உள்ளத்தில் எதைக் கரைத்ததோ அது இன்னும் சுடப்படாத பகுதி. "நான் பெரியவன், எனக்கு எல்லாம் உண்டு" என்று நாம் வனைந்து உலரவைத்திருந்த பச்சைப் பாண்டங்கள் கரைந்தன. கரைந்ததற்கு வருந்துவது இயல்பு. ஆனால் கரைந்த மண் இளகிய மண். கைக்கு இசையும் மண். அந்த இளக்கம் நீங்கி மறுபடி இறுகுமுன் அதை வனைந்துகொள்ள வேண்டும். புயலுக்குப் பின் வரும் அமைதி இந்த இளக்கத்தின் காலமே. அது சில நாட்களே நிற்கும். மின்சாரம் வந்து, ஒலிபெருக்கி முழங்கி, கணக்கும் வழக்கும் தொடங்கியதும் மண் இறுகிவிடும்.

இனி, இவ்வுண்மைக்கு இலக்கியமாக விளங்கிய ஓர் அடியாரின் வாழ்க்கையைச் சிறிது காண்போம். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனார் நமது குலத்துதித்தவர்; அடியார்களுக்குத் திருவோடு வனைந்து அளித்த பெருமான். பெரியபுராணத்தில் இவர் சரித்திரம் விரித்துரைக்கப்பட்டுள்ளது. இளமையில் அவர் நெறி தவறியதை அறிந்த மனைவியார், தம்மைத் தீண்டலாகாதென்று இறைவனின் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அம்மையார் தம்மைப் பன்மையிற் கூறியதால், பெண்ணினம் முழுவதுக்கும் அவ்வாணை பொருந்துமென்று கொண்டு, மனத்தாலும் எவரையும் தீண்டேன் என்று நாயனார் உறுதிகொண்டார். இதுவே அவ்வில்லத்தில் வீசிய புயல்.

அதன் பின் நடந்ததைக் கவனியுங்கள். அம்மையார் பிறந்தகம் செல்லவில்லை. நாயனார் சினந்து வெளியேறவில்லை. அயலாரிடம் ஒருவரையொருவர் தூற்றவில்லை. ஒரே சிறு இல்லத்தில், ஆணைக்கு ஊறு நேராமல், இல்லறக் கடமைகளையும் அடியார் தொண்டையும் விடாமல் நடத்தி, இளமை முழுதும் கழிந்து முதுமை எய்தும்வரை வாழ்ந்தனர். சூளை எத்தனை மெல்ல ஆறிற்று பாருங்கள்! பின்னர் இறைவன் யோகியாக வந்து ஓர் ஓட்டை அடைக்கலம் வைத்து, அதை மறைத்து, மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யக் கேட்டபோது, இருவரும் ஒரு மூங்கிற்கோலின் இரு முனைகளைப் பற்றி நீரில் இறங்கினர். மறைத்து வைத்திருந்த உண்மையைச் சபையறியச் சொன்னார் நாயனார். மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர். தில்லையில் அதன் ஞாபகமாக இளமையாக்கினார் கோயில் இன்றும் விளங்குகிறது. அவ்வில்லத்தில் அத்தனை ஆண்டு நிலவிய மௌனம் வெறும் மௌனமாயிருப்பின் அது பகையாக முதிர்ந்திருக்கும். உண்மையும், பொறுமையும், தொண்டும் அதனுள் இருந்தமையால் அது சாந்தியாக முதிர்ந்தது.

"இவையெல்லாம் அடியார்க்கு ஆகும்; கூரை பறந்து, அடுப்பு நனைந்து, பிள்ளைகள் பசித்திருக்கையில் எமக்குச் சாந்தி எங்கிருந்து வரும்?" என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. இதற்கு விடை நமது ஜில்லாவிலேயே வடலூரில் இருக்கிறது. இராமலிங்க சுவாமிகள் 1867-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தோர்க்கு உணவிடும் அடுப்பை ஏற்றினார்கள். ஜோதி வழிபாட்டுக்குரிய சத்திய ஞானசபை அதன் பின்னர் 1872-ம் வருஷத்திலேதான் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. முன்னே அடுப்பு, பின்னே ஜோதி. இவ்வரிசையை நாம் மறக்கலாகாது. அன்று ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து வருகிறது. பசித்தவனுக்குத் தியானத்தை உபதேசிப்பது தருமமன்று. ஆனால் பசித்தவனுக்குச் சோறிட்டவன் அன்றிரவு அடையும் அமைதி இருக்கிறதே, அதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டுவதில்லை. அந்த அமைதி இட்டவனுக்கும் உண்டு, உண்டவனுக்கும் உண்டு.

நமது பழமலை ஸ்தலத்தின் பிரசித்தமான வரலாறும் இதற்கு இசைந்ததே. சுந்தரமூர்த்தி சுவாமிகள் இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்தில் எடுத்தார் என்பர். ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுதல் என்று உலகம் அதைப் பரிகாசமாகவும் சொல்லும். ஆயினும் புயற்காலத்தில் அயலானுக்குக் கொடுத்த ஒரு படி அரிசியும், ஒரு முழக் கயிறும் ஆற்றில் இட்ட பொன்னே. அது கொடுத்த இடத்தில் திரும்பி வருவதில்லை. எதிர்பாராத இடத்தில், மனநிறைவாக வந்து சேர்கிறது.

இத்தனையும் கூறிய பின், நம்மவர் நடுவே உள்ள ஒரு குறையையும் கூறாதிருத்தல் ஆகாது. புயலுக்குப் பின் நிவாரணத்திற்குப் பட்டியல் எழுதுவார்கள். ஒருவர் பெயர் சேர்ந்திருக்கும். ஒருவர் பெயர் விடுபட்டிருக்கும். அடுத்தடுத்த வீட்டில், ஒரே மண்ணைப் பிசைந்து, ஒரே சூளையில் சுட்டு வந்த உடன்பிறந்தார் இதன் பொருட்டு ஆண்டுக்கணக்காகப் பேசாதிருப்பதை நாம் அறிவோம். காற்று கொண்டுபோனது கூரையை. கணக்குக் கொண்டுபோனது அண்ணன் தம்பி முறையை. எது பெரிய நஷ்டம்? சாய்ந்த முந்திரிக்கு ஈடாக வைத்த ஒட்டுக் கன்றுகள் மூன்றாம் ஆண்டளவிலேயே காய்க்கத் தொடங்கும். முறிந்த உறவுக்கு அவ்வாறு ஒட்டுக் கன்று கிடையாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டா என்னும் பழமொழி நமக்கு நன்றாகத் தெரியும். இரு பக்கத்தாரும் சிறிது இளகினாலன்றி ஒட்டுதல் இல்லை.

ஆகையால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்னரே சங்கத்தார் ஆலோசித்து முடிவு செய்யும்படி மூன்று யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம்.

ஒன்று: உறுதியான கட்டடம் உடையவர்கள், கூரைச்சாலையில் தொழில் செய்வோரின் பச்சைப் பாண்டங்களை மழைக்காலத்தில் தங்கள் இடத்தில் வைக்க அனுமதித்தல் வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

இரண்டு: புயல் ஓய்ந்த பின் மூன்று நாட்களுக்கு, யார் எதைப் பெற்றார் என்னும் கணக்கை எவரும் எடுக்கலாகாது. அம்மூன்று நாளும் சங்கத்தின் சார்பில் பொது அடுப்பு எரிய வேண்டும். எல்லோரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும். பிறகு பட்டியல் எழுதும்போது அதைச் சபையில் உரக்க வாசித்து, விடுபட்டவர் பெயரை, பெயர் சேர்ந்தவரே எழுந்து சொல்லிச் சேர்க்க வேண்டும்.

மூன்று: அந்நாட்களில் அந்தி வேளையில் ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் கோயில் மண்டபத்திலேனும் சங்கக் கட்டடத்திலேனும் கூடி, நம் கையால் செய்த அகல் ஒன்றை ஏற்றிவைத்து, அரை மணி நேரம் பேசாமல் அமர்ந்திருத்தல் வேண்டும். பிரசங்கம் வேண்டாம், நமது பிரசங்கமுங்கூட வேண்டாம். தொட்டி தெளியட்டும். இறந்தார் உள்ள வீட்டாரை நடுவில் இருத்திக்கொள்வோம். அவர்கள் அழுதால் அழட்டும், அதுவும் வழிபாடே.

பெரியோர்களே! புயலை நிறுத்த நம்மால் ஆகாது. அது வரும் நாளை வானிலை நிலையத்தார் இக்காலத்தில் முன்னரே அறிவித்துவிடுகின்றனர். அதனால் உயிர்கள் பல காக்கப்படுகின்றன. அதன் பின் வரும் அமைதியை என்ன செய்வதென்பது மட்டும் நம் கையில் விடப்பட்டிருக்கிறது. அடுத்த மழைக்கு இன்னும் காலம் இருக்கிறது. பழைய பட்டியலின் பொருட்டுப் பேசாதிருக்கும் சகோதரர்கள் இச்சபையிலேயே சிலர் இருத்தல் கூடும். அவர்கள் இன்று கைகோத்துக்கொள்ள இயலாவிடினும், நாயனாரும் அம்மையாரும் பற்றியது போல ஒரு கோலின் இரு முனைகளையேனும் பற்றிக்கொண்டு இவ்விடம் விட்டு எழ வேண்டுமென்று வணக்கத்துடன் வேண்டிக்கொள்கிறோம். பழமலைநாதர் திருவருள் எல்லோர்க்கும் துணை செய்க.